துணைக்கு ஒரு ஆள்

மாம்புரி இஸ்ஸதீன் ஜேபி யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். கேட்பது ஊராருடைய வேலை. கேட்டு வந்தவர்களைக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு கொடுப்பது அவருடைய வேலை. பிறப்புச் சான்றிதழின் பிரதியோ, சத்தியக் கடதாசியோ, அவருடைய வட்ட முத்திரை விழாமல் அந்தப் பக்கத்தில் ஒரு காகிதம் உண்மையானதில்லை. கேட்டில் தொங்கிய கறுப்புப் பலகையில் ஜேபி என்பதை விரித்து 'அகில இலங்கை சமாதான நீதவான்' என்று எழுதியிருந்தது. அகில இலங்கையும் வந்து அவரிடம் சமாதானம் கேட்டதாகத் தகவல் இல்லை. பக்கத்து வீட்டுக் கமறியாவின் ஆடு அவருடைய மிளகாய்ச் செடிகளைத் தின்ற விவகாரத்திலேயே சமாதானம் வரப் பல மாதம் பிடித்தது.

வீட்டில் கேட்கிற இலாகா மனைவி ஜுனைதாவின் கையில் இருந்தது. புத்தளம் டவுனுக்குப் போகிறவர்களிடம் மருந்து வாங்கிவரச் சொல்வது, கரண்ட் போனால் பக்கத்து வீட்டுக்கும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக் கேட்பது, வாப்பாவும் மகனும் முறைத்துக்கொண்டால் வாப்பாவின் சார்பில் மகனிடம் மன்னிப்புக் கேட்பது எல்லாம் அவள்தான். அவள் மௌத்தாகி நாலு வருடமாக அந்த இலாகா பொறுப்பாளர் இல்லாமல் கிடந்தது. மகன் அஃப்ராஸ் டோஹாவில். வீட்டில் ஜேபியும் முத்திரையும்.

அந்த நிலைமையில்தான் அவருடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். குருநாகல் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று கிழமைக்கு ஒரு தடவை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். "வார்டில நிக்கத் தேவையில்ல. காலையில வந்து ஏத்திக்கிட்டு பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்," என்றார் டொக்டர். நோயைப் பற்றிச் சொன்னதில் அந்த ஒரு வசனம் மட்டும் ஜேபிக்குப் பிடித்திருந்தது. காலையில் போய்ப் பின்னேரம் வரலாமென்றால் ஊருக்குத் தெரியத் தேவையில்லை. கமறியாவிடம் வேலிக்கு மேலால், "கொழும்புல ஒரு காணி வழக்கு. அடிக்கடி போக வேண்டி வரும்," என்று அறிவித்தார். கமறியா வழக்கு யாரோடு என்று கேட்டாள். "அரசாங்கத்தோட," என்றார். சின்னப் பொய் சொல்வது அவருடைய அந்தஸ்துக்குச் சரிவராது.

மகனுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பிளைட்டில் வந்து நிற்பான். வேலை போய்விடும். பிறகு சாகும் வரைக்கும் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டான். அந்தச் சொல்லிக் காட்டாமையைத்தான் தாங்க முடியாது.

முதல் மருந்து ஒழுங்காக ஏறியது. ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, கட்டிலோடு சேர்த்து ஆளை ஆட்டிய காய்ச்சல். வீட்டைப் பூட்டிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனவரை ஆஸ்பத்திரியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு கிழமை வார்டில் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு மகள் வந்து கஞ்சி பருக்கினாள். அதற்கடுத்த கட்டில்காரருக்கு மனைவி வந்து கால் அமுக்கினாள். பார்வையாளர் நேரம் வந்ததும் ஜேபி சுவர்ப் பக்கம் திரும்பி நித்திரை கொள்வார். மெய்யாக நித்திரை வந்த நாட்களும் உண்டு.

தலைமயிர் தலையணையில் கற்றை கற்றையாக விழத் தொடங்கியது. வார்டுக்கு வந்த சவரக்காரனிடம் முழுசாக வழித்துவிடச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து ஏற்றும் அறையின் தாதி மிஸ் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்:

"அடுத்த முறை தனியா வர வேணாம். துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். வாற வழியில நீங்க விழுந்தா யார் தூக்குற? ஆள் இல்லாட்டி மருந்து இல்ல. வெளங்கினதா?"

விளங்கியது. விளங்கியதுதான் பிரச்சினை. அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் இஸ்ஸதீன் ஜேபி யாரோ ஒருவரிடம் போய், 'என்னோடு வருவீங்களா' என்று கேட்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தபடியால் வரும் வழியில் பாலாவிச் சந்தியில் இறங்கி ஐந்து லீற்றர் பில்டர் தண்ணீர் வாங்கிக்கொண்டார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, தொப்பி, தொப்பிக்குக் கீழே பளபளவென்று மொட்டை, மெலிந்த முகம், கையில் ஐந்து லீற்றர் கேன். ஆட்டோவில் இருந்து இந்தக் கோலத்தில் இறங்கியவரைக் கமறியா வேலிக்கு மேலால் பார்த்தாள். இரண்டு கிழமை ஆளைக் காணவில்லை என்பதைச் சேர்த்துக்கொண்டாள். மக்கா போய் உம்ரா முடித்தவர்கள்தான் இப்படித் தலையை வழித்துக்கொண்டு, ஸம்ஸம் கிணற்றின் புனிதத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள்.

"மாஷா அல்லாஹ்," என்றாள். "வழக்கெண்டு சொல்லிட்டு எங்க போயிருக்கிறீங்க பாருங்களேன் நானா."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அடக்கமுள்ளவர்கள் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள் என்று கமறியா எடுத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் படம் வந்துவிட்டது. 'எவ்வித விளம்பரமுமின்றி உம்ராக் கடமையை நிறைவேற்றித் தாயகம் திரும்பிய எங்கள் ஊரின் பெருமை' என்று ரோஜாப்பூக்களுக்கு நடுவே, முடி நிறைய இருந்த காலத்துப் படம். விளம்பரமில்லாததைப் பற்றிய அந்த விளம்பரத்துக்கு அறுபது எழுபது பேர் துஆ செய்யும் கைகளைப் போட்டிருந்தார்கள். தெருவுக்கு ஒரு பல்பு போட்டாலும் கல்வெட்டு வைத்துத் திறந்த மனிதரிடம் இப்படியொரு பணிவு ஒளிந்திருந்ததை நினைத்து ஊர் நெகிழ்ந்தது.

சனங்கள் வந்தார்கள். சோடா போத்தல்களோடும், பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல்களோடும் வந்தார்கள். "ஒரு முடக்கு தந்தா போதும் நானா." அவர் சொல்ல முற்படுவதற்குள் கமறியா கேனைத் திறந்து பங்கிடத் தொடங்கியிருந்தாள். தனக்கென்று ஒரு கோப்பையை எடுத்து, மக்காவின் திசையான கிப்லாவை நோக்கி நின்று, கண்ணை மூடி, முழங்கால் வலிக்காகத் துஆக் கேட்டுக் குடித்தாள். பாலாவிச் சந்தியின் தண்ணீர் அவளுடைய தொண்டையில் இறங்குவதை ஜேபி பார்த்துக்கொண்டிருந்தார். இது ஸம்ஸம் இல்லை என்றால், பிறகு என்ன என்று கேட்பார்கள். ஏன் மொட்டை என்று கேட்பார்கள். கேள்வி எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

போகும்போது ஒவ்வொருவரும் அவருடைய கையைப் பிடித்து, "எங்களுக்காகத் துஆ செய்ங்க, உங்கட துஆ இப்ப அல்லாஹ்ட்ட கபூலாகும்," என்றார்கள். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மக்காவுக்குப் போய் வந்தவருக்கு என்ன குறை இருக்கப் போகிறது. வீடு நிறைய ஆட்கள் இருந்த அந்த இரண்டு நாட்களில்தான், ஜுனைதாவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த அன்றையிலும் பார்க்க அவர் தனியாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை இரவு மகன் வீடியோவில் வந்தான்.

"வாப்பா, உங்கட முகத்தக் காணல்ல. சீலிங்தான் தெரியுது."

"சீலிங்குக்கு இப்பதான் பெயின்ட் அடிச்ச. அதப் பாரு."

"உம்ரா போனீங்களாமே. எனக்கும் சொல்லல்ல."

"யாரு சொன்ன?"

"குரூப்புல பாத்தேன். எனக்கு மனசுக்கு ஒரு மாதிரியாப் போச்சு வாப்பா. ஆனா சந்தோஷம்."

அவர் சீலிங்கைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஹுனைஸ் ஹாஜியார் வந்தார். பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தத் தலைவர் பதவிக்காக ஒரே வருடம் போட்டியிட்டவர்கள். அன்றிலிருந்து ஸலாம் மட்டும் மிச்சம். ஹுனைஸ் மூன்று தடவை உம்ரா போனவர். மூன்று தடவையும் சந்தியில் ஆளுயரப் பெனர் கட்டி வழியனுப்பி, அதே பெனரில் திகதியை ஒட்டி வரவேற்றார்கள். விளம்பரமில்லாமல் ஒருவர் போய் வந்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இருந்தாலும் வந்தவுடன் இரண்டு கோப்பை தண்ணீரை வாங்கி, எழுந்து நின்று, கிப்லாவைப் பார்த்து, நீண்ட துஆக் கேட்டுக் குடித்தார். பிறகு கதிரையில் சாய்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"எந்த ட்ரெவல்ஸ்ல போன?"

"ஏன்?"

"சும்மாதான். ஹோட்டல் ஹரம் பள்ளிக்குக் கிட்டவா தூரமா?"

ஜேபி தொப்பியைச் சரிசெய்தார்.

"எயாபோர்ட்ல ஸம்ஸம் தாறதெண்டா காட்போட் பெட்டியில போட்டுத்தானே தருவாங்க. உன்ட கேன்ல பாலாவிக் கடைட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு மச்சான்."

மச்சான் என்ற சொல் இருவருக்குமிடையில் பல வருடமாகப் புழங்காத சொல். ஹுனைஸ் அதைப் பொறி வைப்பதற்காகத்தான் எடுத்தார். ஆனாலும் ஜேபிக்குள் எதுவோ அந்தச் சொல்லில் அவிழ்ந்துபோனது. சட்டைக் கையை மேலே சுருட்டி, மருந்து ஏறிய நரம்பு கறுத்துக் கயிறுபோலக் கிடந்த முன்கையை நீட்டினார்.

"நான் மக்காவுக்குப் போகல்ல. ஆஸ்பத்திரியில கிடந்த. கேன்சர்."

ஹுனைஸ் கையைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். காலிக் கோப்பையைப் பார்த்தார்.

"அப்ப நான் குடிச்ச?"

"பில்டர் தண்ணி."

"ரெண்டு கோப்பை குடிச்சேனே. கிப்லாவப் பாத்து."

"கண்டேன்."

"வாயில்லையா உனக்கு, சொல்றதுக்கு?"

"நீ துஆவுல நிண்ட. துஆவுல நிக்கிற ஆளோட கதைக்கிறதா?"

ஹுனைஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமா என்று தெரியாமல் அது பாதியில் நின்றது. கோப்பையைக் குட்டி மேசையில் சத்தமில்லாமல் வைத்தார்.

அதுதான் தருணம். 'செவ்வாய்க்கிழமை துணைக்கு ஒரு ஆள் வேணும்.' ஒரு சின்ன வசனம். ஆனால் ஜேபி சொன்னது வேறு.

"இத ஊருல கதைக்காத."

கேட்பதற்குப் பதில் கட்டளை போட்டுவிட்டார். ஹுனைஸ் எழுந்தார். "எனக்கென்ன வேற வேலையில்லையா," என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனார்.

ஜேபி கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஹுனைஸின் வாயில் ஒரு செய்தி மஃரிப் தொழுகை வரைக்கும் தங்கினால் அதிசயம். இஷாவுக்கு நுரைச்சோலையில் தெரியும், சுபஹுக்கு எத்தாளையில் தெரியும். ஊர் தானாக வரும். கமறியா தலையில் அடித்துக்கொண்டு வருவாள். யாரோ ஒருவர் 'செவ்வாய்க்கிழமை நான் வாறேன்' என்று சொல்வார். அவர் கேட்கத் தேவையிருக்காது.

ஞாயிறு ஒருவர் வந்தார். பேரப்பிள்ளையின் இருமலுக்கு ஒரு முடக்குத் தண்ணீர் வேண்டுமாம். முடிந்துவிட்டது என்றார் ஜேபி. திங்கள் இரண்டு பெண்கள் அதே தண்ணீருக்காக வந்தார்கள். எல்லோருடைய முகத்திலும் அதே மரியாதை. நாற்பது வருடமாக ஊரின் எந்த இரகசியத்தையும் வாயில் வைத்திராத ஹுனைஸ் ஹாஜியார், வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

செவ்வாய் சுபஹு தொழுததும் ஜேபி தனியாகப் பஸ் ஏறினார். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கடந்தன. காற்றாலைகள் கடந்தன. புத்தளத்தில் இறங்கி மற்றப் பஸ்ஸில் ஏறும்போது, துணைக்கு வந்தவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்வதாக முடிவெடுத்தார்.

"அப்ப கூப்பிடுங்க. நான் பாக்கணும்," என்றாள் மிஸ்.

மருந்து ஏற்றும் அறையின் வாசலில் வரிசை நின்றது. பின்னால் இருந்தவர்கள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். ஜேபி கைத்தொலைபேசியை எடுத்து, யாரையும் அழைக்காமல் காதில் வைத்தார். அப்போது வெளியே நீண்ட மரவாங்கில் இருந்த ஒரு பெண் எழும்பி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். சிலாபத்துப் பக்கத்துப் பேச்சு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி.

"மிஸ், நான்தான் இவரோட வந்தது."

"றோசமேரி, நீங்க உங்கட மஹத்தயாவோட வந்ததுதானே?"

"அது புருசன். இது அண்ணன்."

மிஸ் சிலுவையைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள்.

"எங்கட அப்பாவுக்கு ரெண்டு குடும்பம் மிஸ்," என்றாள் றோசமேரி.

மிஸ் பஞ்சு எடுப்பதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஜேபியைக் கதிரையில் இருத்தி, நரம்பு தேடத் தொடங்கினாள்.

துணைக்கு வந்தவர்களுக்கு அறைக்குள் அனுமதி இல்லை. இவ்வளவு கலவரத்துக்கும் காரணமான அந்த ஆள், வெளியே தகரக் கூரைக்குக் கீழே வாங்கில்தான் இருக்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு சேலைன் போத்தலோடு அவரவர் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கதிரையில் றோசமேரியின் கணவர் வாயைத் திறந்து நித்திரை. மிஸ் நன்னாரி சர்பத் நிறத்தில் சிவப்பு மருந்தை ஊசியால் மெதுவாகத் தள்ளினாள். கை குளிர்ந்தது. நாக்கில் பழைய செப்புக் காசைச் சப்பியதுபோல ஒரு ருசி. யன்னல் கண்ணாடிக்கு அப்பால் றோசமேரி எவளோடோ கதைத்துக்கொண்டு கச்சான் கொறித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்துக் கையை அசைத்தாள். கணவருக்காக இருக்கும். ஜேபியும் அசைத்து வைத்தார்.

பகல் சாய்வதற்குள் அவள் கணவருக்கு மருந்து ஏறி முடிந்துவிட்டது. அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவள், "அண்ணே, உங்களுக்கு இன்னும் இருக்குதானே. எங்கட பஸ் போயிடும். நான் நிக்கட்டா?" என்றாள்.

நில் என்று சொன்னால் நின்றிருப்பாள். அப்படியான ஆள்.

"நீங்க போங்க தங்கச்சி. எனக்கு ஆள் வருவாங்க."

"மிஸ் கேட்டா கென்டீனுக்குப் போன எண்டு சொல்லுங்க." கச்சான் கடதாசிச் சரையில் மிச்சமிருந்ததை அவருடைய மடியில் வைத்துவிட்டுப் போனாள். அரை நாள் தங்கச்சி. அவள் போன கதவையே ஜேபி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் போத்தல் முடியும் வரைக்கும் அது வேறொருவருக்காகவும் திறக்கவில்லை.

ஊசியைக் கழற்றும்போது மிஸ் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் இன்டைக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் திரும்பின. அடுத்த முறை திரும்ப மாட்டேன்."

எழுந்து நின்றபோது தரை ஒரு பக்கம் சரிந்தது. சுவரைப் பிடித்து வெளியே வந்து, றோசமேரி இருந்த வாங்கில் இருந்தார். பஸ் நிலையம் வரை நடக்க முடியாது என்று கால்கள் சொல்லிவிட்டன. கால்களிடம் முத்திரை காட்டிப் பயனில்லை. தொலைபேசியை எடுத்து, இந்தத் தடவை மெய்யாகவே அழைத்தார்.

"ஹுனைஸ், நான் ஆஸ்பத்திரியில. என்னால பஸ்ஸுல வர ஏலா. உன்ட வேனக் கொண்டு வந்து," குரல் நின்றது. திரும்பத் தொடங்கினார். "வேனக் கொண்டு வந்து என்னக் கூட்டிட்டுப் போறியா?"

அந்தப் பக்கம் ஆட்களின் சத்தத்தை விட்டு ஹுனைஸ் தள்ளிப் போவது கேட்டது.

"தனியாவா போன?"

"ஓம்."

"சனிக்கிழமையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கிறேன், இவன் ஒரு வார்த்த கேப்பானா எண்டு. வாசல்ல செருப்பப் போட்டுட்டு நிண்டேனே, அப்பவாவது கேட்டியா?"

"நீயா வந்திருக்கலாமே."

"கேக்காம வந்தா நீ முற்றத்துல நிக்க வச்சுத்தானே கதைப்ப."

ஜேபி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அடுத்த முறையும் ஆள் வேணும்," என்றார். கேட்கத் தொடங்கியாயிற்று, மிச்சத்தையும் கேட்டுவிட வேண்டியதுதான். "அதுக்கு அடுத்த முறையும். அஃப்ராஸுக்கும் யாராவது சொல்லணும். எனக்குச் சொல்ல வரல்ல."

"முதல்ல இன்டையப் பாப்பம். நான் கல்பிட்டியில ஒரு நிக்காஹ் வீட்டுல. எல்லாருக்கும் சொல்லிட்டுப் புறப்படுறேன். பொழுது பட்டுரும். அந்த இடத்த விட்டு அசையாத."

எல்லாருக்கும் சொல்லிவிட்டு என்றால், ஹுனைஸுக்கு அதற்கே நேரம் போகும். அதில் நோயும் சேர்த்தி என்பதும் விளங்கியது. சொல்லட்டும் என்று ஜேபி விட்டுவிட்டார்.

வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. பிள்ளையின் தோளில் ஒருவர், மனைவியின் கையில் ஒருவர் என்று எல்லோரும் போனார்கள். மிஸ்மாரும் உடுப்பு மாற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்குள் வந்த ஒரு வேன் மருந்துப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. இன்னொரு வேன் வழி தவறி வந்து திரும்பியது. அறையைப் பூட்ட வந்த காவலாளி, தகரக் கூரைக்குக் கீழே தனியாக இருந்தவரைக் கண்டு நின்றான்.

"யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறீங்க? உங்கட நோயாளி போயிட்டாரே, உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல."

"நோயாளி நான்தான்," என்றார் இஸ்ஸதீன். "துணைக்கு வந்தவர் இனித்தான் வரணும்."